கூலக்கடையும் கிணற்றடியும்

(நயினாதீவில் ஒரு ஞாயிறு பின்னேரம், புதிதாக எழுதுகிறவர்களுக்காக நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



"வேலை, விரதம், கதை" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். தந்த கையோடு அதன் பின்னாலுள்ள கஷ்டத்தையும் சொல்லிவிட்டார்கள். இங்கே எழுதுகிற பிள்ளைகளில் ஒருவர் பகல் முழுக்கக் கடையில் நிற்கிறார். இன்னொருவர் படிப்பிக்கிறார். ஒரு தங்கை பிள்ளைகள் நித்திரையான பிறகு கைத்தொலைபேசியில் இரண்டு பந்தி எழுதுகிறார். நடுவில் வெள்ளி செவ்வாய் விரதம், கந்தசஷ்டி, திருவெம்பாவை. ஆனி மாதம் எங்கள் ஊர்க் கோவிலில் அம்மாளுக்குக் கொடி ஏறிவிட்டால் வந்து தங்குகிற சொந்தக்காரருக்காக வீட்டு அடுப்பு அணையாது. இதற்குள் கதை எப்போது எழுதுகிறது? அதோடு, சாமி கும்பிடுகிறவருக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கோவிலடியில் நடக்கிற அநியாயம் ஒன்றைக் கதையில் வைத்தால் அது பாவமா, ஊர்ப்பகையா?

நேர அட்டவணை போட்டுத் தருகிற ஆள் நான் இல்லை. அதற்கு யூரியூப்பில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் தீவுகளோடு சம்பந்தப்பட்ட இரண்டு எழுத்தாளர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஒருவர் மிகப் பழையவர், இந்த மண்ணை மிதித்தாரோ தெரியாது. மற்றவர் கடலுக்கு அந்தப் பக்கம், குறிகட்டுவானில் இறங்கினால் வருகிற ஊர்க்காரர்.

முதல் ஆள் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையில் வருகிற மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று நாங்கள் சொல்கிறோம். ஆராய்ச்சிக்காரர் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டையே மணிபல்லவம் என்று கொண்டவர்களும் உண்டு. அந்த வழக்கை இன்றைக்குத் தீர்க்க வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது சாத்தனாரின் பெயருக்கு முன்னால் வருகிற அடைமொழி. மதுரைக் கூலவாணிகன். கூலம் என்றால் தானியம். நெல்லும் வரகும் பயறும் அளந்து விற்ற ஒருவர்தான் தமிழின் பெரிய பௌத்த காப்பியத்தை எழுதினார். அவருக்கும் கடை திறக்க வேண்டியிருந்திருக்கும், கடன் கேட்டு வருகிறவர் இருந்திருப்பார்கள், மழை பிழைத்தால் விலை ஏறியிருக்கும்.

இப்போது அவருடைய கதையின் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பாத்திரம். எடுக்க எடுக்கச் சோறு குறையாத பாத்திரம். நாள் முழுக்க மரக்காலும் நாழியுமாகத் தானியம் அளக்கிற மனிதனுக்கு, அளவு முடியவே முடியாத ஒரு ஏனத்தைக் கற்பனை செய்யத் தோன்றியிருக்கிறது. நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு துறவி எழுதியிருந்தால் காப்பியத்தின் நடுவில் தியானம் இருந்திருக்கலாம். அரசவைப் புலவர் எழுதியிருந்தால் வாள் இருந்திருக்கலாம். கூலக்கடைக்காரர் பசியை வைத்தார். பஞ்சத்தில் ஒரு படி அரிசிக்கு வந்து நிற்கிற முகத்தைக் கடை வாசலில் பார்த்தவருக்குத்தான், காயசண்டிகையின் யானைத்தீ என்கிற அந்தத் தீராப் பசியை எழுத வரும். காப்பியத்தின் நாயகி மணிமேகலை அரசனிடம் கேட்டதும் சிறைச்சாலையை அறச்சாலையாக்கித் தா என்பதுதான்.

அமுதசுரபி என்கிற அந்தப் பாத்திரத்துக்கு முதல் சொந்தக்காரன் ஆபுத்திரன். அவன் முடிவும் மணிபல்லவத்தில்தான். காற்று மழைக்கு ஒதுங்கி நின்ற கப்பலிலிருந்து அவன் கரைக்கு இறங்கினான். அவனை ஏற்றாமலே கப்பல் போய்விட்டது. கையில் ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிற பாத்திரம், தீவில் சாப்பிட ஆளில்லை. தனக்காக மட்டும் அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொள்ள மனம் வராமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிரை விட்டான். சாத்தனாருடைய சமயம் முழுவதும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது என்று நான் சொல்வேன். காப்பியத்தின் கடைசிக் காதைகளில் அவர் பௌத்த தருக்கத்தை விரித்து விரித்துச் சொல்கிறார். அதைப் படித்து முடித்தவர்கள் கையை உயர்த்துங்கள். ஒருவரும் இல்லை. எனக்கும் அந்தப் பகுதியில் கண் சொருகும். ஆனால் ஆபுத்திரனை எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். எங்கள் கோவிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வைத்தவர்களும் அந்தத் தருக்கத்தைப் படித்து வைக்கவில்லை. கதைதான் மண்டபமாக நிற்கிறது.

சாத்தனாரைப் போல வேறு தொழில் செய்துகொண்டே எழுதியவர்கள்தான் இங்கும். ஈழத்தில் எழுத்தை நம்பிப் பிழைத்தவரை நீங்கள் தேடிப் பார்க்கலாம், கிடைப்பது கஷ்டம். சிறுகதைக்கு வழி வெட்டியவர்களில் ஒருவரான இலங்கையர்கோன் காரியாதிகாரி. டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் வைத்திருந்தார். 1966இல் தொடங்கிய மல்லிகையின் காரியாலயமும் ஒரு காலத்தில் அதுதான். அவருடைய முதல் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. கே. டானியல் பட்டறைத் தொழிலாளி. செங்கை ஆழியான் நிர்வாக சேவை அதிகாரி. நெடுந்தீவுக் கரையில் வாடியடித்துத் தொழில் செய்கிற மீனவரை வைத்து 'வாடைக்காற்று' எழுதினார், 1978இல் அது படமாகவும் வந்தது. வீட்டையும் விசுவாசத்தையும் வைத்துக்கொண்டு எழுதிய பெண் வேண்டுமென்றால் 1914க்குப் போங்கள்: மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்'. கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், தலைப்பே சங்கீத புத்தகத்து வாசனை. உள்ளே இருப்பது யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் ஒரு மனைவி படுகிற பாடு. அந்தக் காலத்தில் நாவல் வாசிப்பதே குடும்பப் பெண்ணுக்கு அடுக்காது என்று சொன்ன ஊர் இது. அவர் எழுதினார்.

சரி, நான் பேச வந்த ஆளுக்கு வருகிறேன். மு. தளையசிங்கம்.

புங்குடுதீவில் 1935இல் பிறந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வாத்தியார் வேலை. 1950களின் நடுப்பகுதியில் எழுதத் தொடங்கினார். நாட்டில் 1956இல் மொழிச் சட்டம், 1958இல் கலவரம். இலக்கியத்தில் கைலாசபதி, சிவத்தம்பி முன்னின்று நடத்திய முற்போக்கு அணியின் உச்சம். 1965இல் 'புதுயுகம் பிறக்கிறது' என்று சிறுகதைத் தொகுதி வந்தது. 'ரத்தம்', 'கோட்டை', 'தொழுகை', 'பிறத்தியாள்' எல்லாம் அதில் இருக்கின்றன. இனப் பிரச்சினையை வைத்து 'ஒரு தனி வீடு' என்று நாவலும் எழுதினார். அது புத்தகமானபோது அவர் இல்லை.

அந்தக் கதைகளை இன்றைக்கு வாசித்தாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆட்கள் வெளியில் காட்டிக்கொள்கிற மரியாதைக்கு அடியில் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று துருவித் துருவிப் பார்க்கிற கதைகள். காமமும் சாதிப் பெருமையும் கோபமும் ஒன்றாகக் கிடக்கும். வகுப்பில் நல்லொழுக்கம் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதினாரே என்று நினைப்பேன். கொஞ்சம் யோசித்தால் வாத்தியாருக்குத்தான் அது முடியும் என்று படும். தகப்பன் சொல்கிற கதையும், பிள்ளையின் கொப்பியில் இருக்கிற கதையும், ஊர் சொல்கிற கதையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அவர் மேசைக்குத்தான் வந்து சேரும்.

1966இல் அவர் நந்தகோபாலகிரி என்ற துறவியைச் சந்தித்தார். அதற்குப் பிறகு ஆள் மாறிவிட்டார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மார்க்சியம் மனிதனின் வயிற்றைப் பார்க்கிறது, அதற்கு மேலும் ஒன்று உண்டு என்று வாதிட்டார். பூரண சர்வோதயம் என்றார். கலை தனி, பிழைப்புத் தனி, கும்பிடுவது தனி என்று மனிதன் துண்டு துண்டாகக் கிடக்கிற நிலை ஒரு நாள் ஒழியும். அவனவன் தொழிலே அவனவனுக்குக் கலையும் தவமும் ஆகும் என்று நம்பினார். அப்படிப்பட்ட காலத்துக்குக் கதை, கவிதை, கட்டுரை என்ற பழைய பிரிவுகள் போதாது என்று ஒரு புது இலக்கிய உருவத்தையே தேடினார். 1970இல் 'போர்ப்பறை', மறைவுக்குப் பின் 1974இல் 'மெய்யுள்'.

நீங்கள் எனக்குத் தந்த தலைப்பை இந்த மனிதர் ஐம்பது வருஷத்துக்கு முன்னரே கையில் எடுத்திருக்கிறார். வேலை, விரதம், கதை. மூன்றுக்கும் நேரம் பங்கிட அவர் முயலவில்லை. மூன்றையும் ஒன்றாக்கப் பார்த்தார்.

வெற்றி பெற்றாரா? என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன். எழுத்தில் பாதிதான். குருவைக் கண்ட பிறகு எழுதியதில் சிந்தனை பெருத்தது, ஆட்கள் மெலிந்தார்கள். 'மெய்யுள்' நூலில் சில பக்கங்களில் பெரும் வெளிச்சம் உண்டு. சில பக்கங்களில் ஒரு வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது தெரிகிறது. எல்லாவற்றுக்கும் விடை தெரிந்துவிட்டவர் எழுதுகிற கதையில் பாத்திரங்களுக்குச் செய்ய வேலை இருக்காது. நம்பிக்கையுள்ள எழுத்தாளருக்கு உள்ள உண்மையான ஆபத்து இதுதான். சாமி கோபிக்கும் என்ற பயம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சாத்தனாருக்கு நேர்ந்ததும் இதே விபத்துத்தான். தருக்கம் தொடங்கிய இடத்தில் மணிமேகலை காணாமல் போய்விடுகிறாள்.

ஆனால் தளையசிங்கத்தின் கதை புத்தகத்தோடு முடியவில்லை. அது கிணற்றடிக்கு வந்தது.

தீவில் நல்ல தண்ணி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் இதை வாசிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஆறு இல்லை, மலை இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அளவோடு அள்ளினால் வரும். ஆசைப்பட்டு இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறி, கிணறு சவராகிவிடும். ஊருக்குக் கிணறு நூறு இருந்தாலும் குடிக்கக்கூடியது சிலதுதான். அந்தச் சிலதின் கட்டில்தான் சாதியும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் குடத்தோடு வந்தால் கட்டில் கால் வைக்க முடியாது, கயிற்றைத் தொட முடியாது. அள்ள வருகிறவர் யாராவது மனமிரங்கி வார்க்கும்வரை தள்ளி நிற்க வேண்டும். வெயில் ஏறும். வருகிறவர் முதலில் தன் குடத்தை நிரப்புவார். பிறகு எட்ட நின்று, பட்டுவிடாமல், மேலிருந்து வார்ப்பார். குடத்து வாயில் விழுந்தது போக மிச்சம் மண்ணில் ஓடும். காலையில் தொடங்கினால் ஒரு குடம் வீட்டுக்குப் போய்ச் சேர உச்சியாகிவிடும். 1957இலேயே இதையெல்லாம் குற்றமாக்கிச் சட்டம் வந்துவிட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. சட்டமும் போராட்டமும் கடல் தாண்டித் தீவுக் கிணற்றடிக்கு வந்து சேர நாள் எடுத்தது.

1971இல் புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோவிலை ஒட்டிய நன்னீர்க் கிணற்றில் எல்லோரும் தண்ணி அள்ள வேண்டும் என்று தளையசிங்கம் தன் தோழர்களோடு அறப்போராட்டத்தில் இறங்கினார். பொலிஸ் பிடித்தது, அடித்தது. அதற்குப் பிறகு அவருடைய உடல் தேறவில்லை. 1973 ஏப்ரலில் காலமானார். நாற்பது வயதைத் தொடவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆன்மீகம் பேசுகிறார், மக்களின் பிரச்சினையிலிருந்து தப்பி ஓடுகிறார் என்றுதான் அன்றைய இடதுசாரி விமர்சகர்கள் பலர் அவரைத் தள்ளி வைத்தார்கள். தப்பி ஓடியவர் என்று எழுதப்பட்ட மனிதருக்கு அடி விழுந்தது ஒரு குடம் தண்ணிக்காக. மறுபக்கம், அவரை மகானாக்கிப் படம் மாட்டி விளக்கேற்றுகிற மனநிலையும் பிறகு வந்தது. எனக்கு இரண்டும் வசதிப்படவில்லை. அவர் கும்பிட்டவர்தான். கும்பிட்டபடியே, தன் ஊர் அம்மனின் கிணற்றைச் சாதி பூட்டி வைத்திருப்பது அந்த அம்மனுக்கே அவமானம் என்று கண்டவர். நம்பிக்கை இல்லாத ஒருவர் அதே கிணற்றடிக்கு உரிமைக்காக வந்திருப்பார், அதுவும் நியாயமே. இவருக்கு அது பூசையின் பகுதியாகவும் இருந்தது. ஆகவே கோவிலடி அநியாயத்தை எழுதலாமா என்று கேட்ட தம்பிக்கு என் பதில்: உங்கள் பக்தியில் பழுதில்லை என்றால் எழுதாமல் இருப்பதற்குத்தான் நீங்கள் காரணம் தேட வேண்டும். ஊர்ப்பகை வரும். அது வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அவர் போன பிறகும் பேச்சு நிற்கவில்லை. தம்பி மு. பொன்னம்பலமும், அதே ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினமும் அந்தச் சிந்தனையைத் தங்கள் எழுத்தில் கொண்டு போனார்கள். தமிழ்நாட்டில் சுந்தர ராமசாமி அவரைப் பற்றி விரிவாக எழுதினார். 2002இல் ஜெயமோகன் ஊட்டியில் கூட்டிய சந்திப்பில் அவருடைய எழுத்து விவாதிக்கப்பட்டது, அதைத் தொடர்ந்து பெரிய சண்டையும் நடந்தது. ஊட்டியில் அவருக்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அடுத்த தீவில் இருக்கிற எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. முன் வரிசையில் அதிபர் இருக்கிறார்.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். கடையில் நிற்கிற தம்பி, கடையை மறந்துவிட்டு எழுத உட்காராதீர்கள். கடன் கொப்பியில் யார் பெயர் வெட்டப்படாமல் கிடக்கிறது, திருவிழா முடிந்த மறுநாள் எந்த வீட்டுக்காரர் காசு கொடுக்க முடியாமல் வேறு ஒழுங்கையால் போகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வருகிற அத்தை நேர்த்திக்கு அங்கப்பிரதட்சணம் செய்கிறார், பின்னேரம் காணி உறுதியைப் பற்றிக் கதைக்கிறார், இரண்டிலும் அவர் உண்மையாகத்தான் இருக்கிறார். அடுப்படியில் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தங்கைக்கு இதைவிட நல்ல கதை வேறெங்கே கிடைக்கும்? நாகவிகாரைக்கு பஸ் பஸ்ஸாக வருகிற தெற்குச் சனம் அம்மாளுக்கும் பூத்தட்டோடு வந்து நிற்கிறது. பள்ளிவாசல் பாங்கும் கோவில் மணியும் ஒரே காற்றில் வருகிற இடம் இது. இதைப் பற்றி நல்லிணக்கம் என்று கட்டுரை எழுத அரசாங்கம் இருக்கிறது. படகில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு கிழவிகள், பாஷை தெரியாமல் முழங்கால் வலிக்கு என்ன எண்ணெய் போடுவது என்று கையால் கதைத்துக்கொண்டதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பழைய பொருள் வேண்டும் என்றாலும் தொலைவு போக வேண்டாம். முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு எங்கள் கோவிலில்தானே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு வருகிற வெளிநாட்டு வணிகருக்குக் காவல் வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டு வந்த கப்பல் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் ஆளுக்குப் பாதி. வரி தெளிவாக இருக்கிறது. உடைந்த கப்பலிலிருந்து கரையேறி நின்ற ஒரு குதிரையை முதலில் கண்ட தீவுப் பிள்ளை என்ன செய்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. அரசன் தன் பங்கைக் கேட்டான், உடையவன் தன் பங்கைக் கேட்டான். குதிரைக்கு முதல் நாள் யார் தண்ணி வைத்தது?

தளையசிங்கத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கூட்டத்துக்கு முதலே இரண்டு பேர் கேட்டார்கள். கதைகளிலிருந்து தொடங்குங்கள். 'ரத்தம்', 'கோட்டை', பிறகு 'தொழுகை'. 'மெய்யுள்' நூலை முதலில் எடுத்தால் பயந்துவிடுவீர்கள். கொஞ்ச நாள் விட்டு எடுங்கள். எங்களுடைய பழைய புத்தகங்கள் பல நூலகம் இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது பிடிபடாத இடத்திலும், அவரோடு ஒத்துப்போக முடியாத இடத்திலும் பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். என் கொப்பியில் இரண்டாவது வகைதான் அதிகம். அவருக்கு வாதம் பிடிக்கும், ஆயுள் முழுக்க அதைத்தான் செய்தார். இப்போது கேள்விகளுக்கு நேரம் விட்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிற அக்கா முதலில் கேட்கட்டும். நான் சாத்தனாரைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து அவர் தலையாட்டி மறுத்துக்கொண்டே இருக்கிறார்.